பீட்டா போட முதல்

“அண்ணை, புது விண்டோஸின்ரை பீட்டா வந்திருக்காம், போடலாமோ?” என்று கடைக்கு வந்து கேட்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் போடுவதென்று முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பீட்டா என்றால் முழுதாக வெளிவர முதல் சோதனைக்கு விடுகிற பதிப்பு. என்னிடம் அவர்களுக்கு வேண்டியது ஒரு தலையாட்டல். நான் உடனே தலையாட்டுவதில்லை. “உந்த மெசின் நாளைக்குக் காலமை எழும்பாட்டி ஆருக்குப் பதில் சொல்லவேண்டி வரும்?” என்று கேட்பேன். ஒருத்தருக்கும் இல்லை என்றால் தாராளமாகப் போடலாம். ஒரு பெயர் வாயில் வந்தால், அது மேலதிகாரியோ, ஆய்வு மேற்பார்வையாளரோ, நோர்வேயிலிருந்து வேலை தருகிறவரோ, அந்த மெசினில் கை வைக்கவேண்டாம்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் டைப்செட்டிங்கும் டிசைனும் செய்கிறேன். கலியாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் கடையைத் தாங்குவது கல்வெட்டுப் புத்தகம்தான். ஒருவர் மோசம்போனால் 31ஆம் நாளுக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் சேர்த்து அச்சடித்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். கோயில் மலர் பிந்தினால் அடுத்த திருவிழா நாளில் கொடுத்துச் சமாளிக்கலாம். 31 பிந்தாது. கடைசி இரவு கனடாவிலிருந்து மகள் படத்தை மாற்றச் சொல்லுவா, லண்டனிலிருந்து மருமகன் தன்னுடைய பட்டம் விடுபட்டுப் போனதென்று வட்ஸ்அப்பில் வருவார். அந்த வேலை நடக்கிற மெசினில் பீட்டா ஏறியதும் இல்லை, ஏறப்போவதும் இல்லை. சாதாரண அப்டேட்டைக்கூட வேலை குறைந்த கிழமை பார்த்துத்தான் விடுவேன்.

அதற்காகப் பீட்டாவே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. எனக்கு உதில் ஒரு பைத்தியம் இருக்கிறது. அதற்கென்று செக்கன்ட் ஹாண்டாக வாங்கிய ஒரு லப்டொப் மேசைக்குக் கீழே கிடக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். அந்தத் தகுதி இல்லாத மெசினில் குறுக்குவழியால் ஏற்றி, அதற்கு மேல் பீட்டாவையும் ஏற்றினால், ஏதும் பிழைக்கும்போது பழி பீட்டாவிலா குறுக்குவழியிலா என்று கண்டுபிடிக்க ஏலாது.

பீட்டா என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் ஆழம் வேறு வேறு. மைக்ரோசொஃப்ட் 2014இல், பீட்டாவை முந்திப் பாவித்துப் பார்க்கச் சேருகிறவர்களுக்கென்று, இன்சைடர் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அதைத் தடங்களாகப் பிரித்து, 2023 மார்ச்சில் கனரி என்ற தடத்தையும் சேர்த்தது. கனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்று கரையை நோக்கி வரும் வரிசை அது. கனரி என்றால் ஆழ்கடல். ரிலீஸ் பிரிவியூவில் கால் மட்டும்தான் நனையும். தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புதுசு என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கிறவர்கள்தான் கூட. வெளியே வருவது எப்படி என்பதைப் பார்க்கவேண்டும். பீட்டா, ரிலீஸ் பிரிவியூ தடங்களில் இருக்கிறவர் அடுத்த நிலையான பதிப்பு வந்ததும் விலகிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறது. கனரியிலிருந்து அப்படி வர ஏலாது, முழுக்க அழித்துப் புதிதாக விண்டோஸ் போடவேண்டும். டெவ்வும் பெரும்பாலும் அப்படித்தான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் ஒரு வகை உபுண்டு. உபுண்டுக்காரருக்கு ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பதிப்பு வரும், அதற்குச் சில கிழமைகளுக்கு முன் பீட்டா வரும். மக் வைத்திருக்கிறவர்களுக்கு ஆப்பிள் 2014இல் யொசமிட்டியோடு பொதுப் பீட்டாவைத் திறந்துவிட்டது. பீட்டாவில் எடுக்கிற பக்கப்பை, அதாவது பாதுகாப்புக் கொப்பியை, பழைய பதிப்பு ஏற்றுக்கொள்ளுமென்று நம்பக்கூடாது. ஆகவே மக்கிலேயே உள்ள டைம் மெசின் என்ற கருவியால் பீட்டாவுக்கு முந்தின பக்கப்பை ஒரு தனி டிஸ்கில் எடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, என்னதான் நடக்கும்? அடிக்கடி நீலத்திரை வரும், வைஃபை விழும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

2018 ஒக்டோபர் 2ஆம் திகதி விண்டோஸ் 10க்கு 1809 என்ற பெரிய அப்டேட் வந்தது. சில நாட்களிலேயே மைக்ரோசொஃப்ட் அதை நிறுத்தியது. சிலருடைய டொக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் கிடந்தவை அழிந்துபோயிருந்தன. டொக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியவர்கள் பழைய இடத்தில் விட்டுவைத்த ஃபைல்களை அப்டேட் வெறும் மிச்சசொச்சம் என்று எண்ணித் துடைத்துவிட்டது. சரிசெய்து மறுபடி விட்டது நவம்பர் 13இல். இங்கே எத்தனை மெசினில் அதே கோலம் என்று யோசித்துப் பாருங்கள். “சி டிரைவ் நிரம்பிட்டுது” என்று டொக்குமெண்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றிக் கொடுப்பது நம்மூரில் ஒரு வழக்கமான கடை வேலை. பழையது பாதி அங்கேயே கிடக்கும். அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப்படுவது இது: பீட்டாவாக இருந்த காலத்திலேயே சில இன்சைடர்கள் ஃபைல் தொலைந்ததென்று எழுதியிருந்தார்கள். மற்ற ஆயிரம் முறைப்பாட்டுக்குள் அது மூழ்கிவிட்டது. அதாவது முறையிட்டாலும் உங்கள் ஃபைல் உங்கள் பொறுப்புத்தான்.

இரண்டாவது கதை இன்னும் கலக்கமானது. லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்குவதற்கு எக்ஸ்இசட் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ திட்டமிட்டு, களவாக மெசினுக்குள் நுழையப் பின்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்திரேஸ் ஃபிரொயின்ட் என்ற பொறியியலாளர், தூரத்திலிருந்து மெசினுக்குள் நுழையும்போது வழமையைவிட ஏறக்குறைய அரைச் செக்கன் கூட எடுக்கிறதே என்று மினக்கெட்டுத் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29இல் வெளியே சொன்னார். அதற்கிடையில் அந்தப் பதிப்பு யாரிடம் போய்ச் சேர்ந்திருந்தது? நிலையான பதிப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பு, ஃபெடோரா லினக்ஸின் முன்வரிசை என்று முதலில் ருசி பார்க்கிற ஆட்களிடம்தான் அது போனது. உபுண்டு 24.04இன் பீட்டா ஏப்ரல் 4க்கு வரவேண்டியது. எல்லாவற்றையும் மறுபடி கட்டிவிட்டு ஏப்ரல் 11க்குத்தான் விட்டார்கள். இதற்குப் பிறகு நான் பீட்டா மெசினில் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. பிரௌசரில் ஒரு பாஸ்வேர்டும் சேமிப்பதில்லை. ஈமெயிலுக்கும் அந்த மெசினுக்கென்று வேறொரு கணக்கு.

தனி மெசின் இல்லாதவர்கள் என்ன செய்வது? பெரும்பாலானோர் அந்த நிலைதான். அதனால்தான் பக்கப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசவேண்டியிருக்கிறது.

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருசம். உபுண்டு பீட்டா போடப்போகிறேன் என்று லப்டொப்பைக் கொண்டுவந்தா.

“பக்கப் இருக்கோ பிள்ளை?”

“ஓம் மாமா, எல்லாம் டிரைவிலை கிடக்கு. பேந்து டி டிரைவிலையும் ஒரு கொப்பி இருக்கு.”

இரண்டுமே பக்கப் இல்லை. டி டிரைவ் என்பது அதே டிஸ்கைப் பிரித்த பாதி. இன்ஸ்டோலரில் ‘முழு டிஸ்கையும் அழி’ என்பதை அழுத்தினால் சியோடு டியும் போகும். கூகுள் டிரைவ், மைக்ரோசொஃப்டின் வன்டிரைவ் (OneDrive) போன்றவை சிங்க் பண்ணுகிற வேலையைத்தான் செய்கின்றன. இங்கே அழிந்தால் அங்கேயும் அழிக்கும், இங்கே கெட்டால் கெட்டதையே அங்கே ஏற்றும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பது உண்மைதான், அது உதவும். ஆனால் தீசிஸை அந்த 30 நாளில் தொங்கவிடுகிற தைரியம் எனக்கில்லை.

வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்து, கழற்றி, மேசை லாச்சிக்குள் வைத்தால்தான் பக்கப். பீட்டா ஏறும்போது அது மெசினில் செருகியிருக்கவே கூடாது. அதோடு ஃபைல்களை மட்டும் கொப்பி பண்ணுவது ஒன்று, டிஸ்க் முழுவதையும் அப்படியே படமெடுத்து வைப்பது வேறொன்று. அப்படிப் படமெடுக்கிற குளோன்சில்லாவும் ரெஸ்கியூசில்லாவும் இலவசம். பின்னது மவுஸால் அழுத்தி வேலை செய்யக்கூடியது, புதியவர்களுக்கு நல்லது. இந்தப் படம் இருந்தால் மென்பொருள், செட்டிங், எழுத்துரு எல்லாம் முந்தின நாள் இருந்தபடியே திரும்ப வரும். வெறும் ஃபைல் கொப்பி என்றால் விண்டோஸ் போட்டு, ஒவ்வொரு மென்பொருளாகப் போட்டு, லைசன்ஸ் தேடி, ஒரு கிழமை அலுப்பு.

எடுத்தது வேலை செய்யுமா என்று பார்க்காதவரை அதை நம்பாதீர்கள். மருமகளின் டிஸ்கை நான் என் கடை மெசினில் செருகி மூன்று ஃபைலைத் திறக்கச் சொன்னேன்: ஆகப் பழையது ஒன்று, ஆகப் பெரியது ஒன்று, தமிழில் பெயர் வைத்தது ஒன்று. பழையதும் பெரியதும் திறந்தன. தமிழ்ப் பெயர் வைத்தவை கிடந்த ஸிப் ஃபைலைப் பிரித்தால் பெயரெல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்தது. ஏதோ பழைய ஸிப் மென்பொருள், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைச் சரியாக எழுதியிருக்கவில்லை. உள்ளே விசயம் பத்திரம், ஆனால் நூற்றுக்கணக்கான நேர்காணல் ஒலிப்பதிவில் எது எவருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்கவேண்டி வந்திருக்கும். ஸிப் பண்ணாமல் ஃபோல்டராகவே மறுபடி கொப்பி எடுத்தோம். இன்னொன்று: பழைய பென் டிரைவ்கள் ஃபாட் 32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. கலியாண வீடியோ ஏறாமல் நின்றதைக் கவனிக்காமல் பக்கப் முடிந்ததென்று போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நம்மூருக்கென்றே உள்ள ஒரு கரைச்சல். இங்கே ஓடுகிற நல்ல லப்டொப்களில் கனக்க, வெளிநாட்டிலிருந்து எவரோ கொண்டுவந்து தந்தவை. மச்சான் லண்டனிலோ பாரிஸிலோ புதிதாக வாங்கி, தன் மைக்ரோசொஃப்ட் கணக்கால் தொடங்கி, கொஞ்சநாள் பாவித்துவிட்டு, ஊருக்கு வரும்போது கையில் தந்துவிட்டுப் போயிருப்பார். இப்போதைய லப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கினாலே டிஸ்க் பூட்டப்பட்டு விடுவதுண்டு, கேட்டுச் செய்வதும் இல்லை. அந்தப் பூட்டைத் திறக்கிற 48 இலக்கச் சாவி போய்க் கிடப்பது மச்சானின் கணக்கில். சாதாரணமாக ஓடும்வரை தெரியவராது. பீட்டா ஏற்றவோ லினக்ஸ் போடவோ மெசினை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயோஸில் ‘செக்யூர் பூட்’ (Secure Boot) என்ற அமைப்பை மாற்றினால், அடுத்தமுறை எழும்பும்போது நீலத்திரையில் “சாவியைத் தா” என்று நிற்கும். அங்கே நடுச்சாமம், மச்சான் இரவு ஷிஃப்டில், அவருக்கும் அந்தப் பழைய ஈமெயிலின் பாஸ்வேர்ட் மறந்துபோயிருக்கும்.

ஆகவே முதல் வேலை: செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லொக்கர் என்று தேடி, பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து, 48 இலக்கத்தையும் கடதாசியில் எழுதி வையுங்கள். அதே லப்டொப்பில் ஒரு நோட்பேட் ஃபைலாகச் சேமிக்கவேண்டாம், சிரிக்காதீர்கள், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பயோஸில் கை வைக்க முதல் தற்காலிகமாக நிறுத்துகிற தெரிவு பிட்லொக்கர் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனமொன்று வேலைக்கென்று அனுப்பிய லப்டொப் என்றால் இந்தப் பதிவை இதோடு மூடிவிட்டுப் போங்கள். அது உங்கள் மெசின் இல்லை.

இனி எழுத்துரு. தமிழ் வேலை செய்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். இங்கே அச்சுக்கூடங்களில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது. பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார்த்திய எழுத்துரு. அது மெசினில் இல்லையென்றால் ஒரு கல்வெட்டு முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பாமினியில் எல்லோரிடமும் இருப்பது ஒரே ஃபைல் என்று நினைக்கவேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தும் இரண்டொரு எழுத்தின் இடம் மாறியவை உலாவுகின்றன. அதனால் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகக் கொப்பி எடுத்து வையுங்கள், “பிறகு நெட்டில் எடுக்கலாம்” என்று விடாதீர்கள்.

யூனிகோடில் வேலை செய்கிறோம், எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு லதா என்ற எழுத்துரு இருக்கிறது. பழைய விண்டோஸில் தமிழ் என்றாலே லதாதான். பள்ளிக்கூட வினாத்தாள், சங்க அறிக்கை எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் 10இலிருந்து லதா தானாக வருவதில்லை, தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற ஒரு தெரிவுப் பொதியாகத் தனியே இறக்கவேண்டும். புதிதாகப் போட்ட விண்டோஸில் பழைய வினாத்தாளைத் திறந்தால் நிர்மலா என்ற வேறு எழுத்துரு வந்து அந்த இடத்தில் உட்காரும். அதன் அகலம் வேறு. இரண்டு பக்கத்தில் அடங்கிய வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியும். பீட்டாவைத் திட்டுவார்கள், பாவம், அதில் பீட்டாவின் குற்றம் ஒன்றுமில்லை.

தட்டச்சு மென்பொருளும் அப்படியே. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை இன்னும் பலருக்குக் கைப்பழக்கம். நாளைய விண்டோஸில் அவை ஓடுமென்று எவரும் கையெழுத்து வைத்துத் தரவில்லை. இன்ஸ்டோல் ஃபைலை எடுத்து வையுங்கள். பிரிண்டர் டிரைவரும் அப்படி. என் பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவர் சீடியில்தான் வந்தது, அந்தச் சீடியைப் படிக்க இன்று கடையில் ஒரு மெசினிலும் இடமில்லை. ஃபைலாக மாற்றி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

கரண்ட் பற்றி இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொட்டு முழு இலங்கையும் இருளானது. உங்கள் அப்டேட் 60 வீதத்தில் நிற்கும்போது எந்தக் குரங்கு எங்கே தாவும் என்று எவருக்கும் தெரியாது. டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் கட்டாயம், அதுவும் பற்றரி செத்துப்போய் விளக்கு மட்டும் எரிகிற யூபிஎஸ் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான் பெரிய இன்ஸ்டோல் எதுவும் தொடங்குவதில்லை. பயோஸ் அப்டேட்டும் கூடவே வந்தால் இன்னும் கவனம். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸை மறுபடி போடலாம், பாதியில் நின்ற பயோஸ் மெசினையே கல்லாக்கிவிடும்.

உபுண்டு 24.04இன் ஐஎஸ்ஓ, அதாவது இறக்கவேண்டிய இன்ஸ்டோல் ஃபைல், 6 ஜிபிக்குக் கிட்ட, விண்டோஸ் 11 5 ஜிபிக்கு மேல். இரவு டேட்டாவில் விட்டுவிட்டுப் படுக்கிறதுதான் இங்கே எல்லோரும் செய்வது. இடையில் லைன் அறுந்து தொடர்ந்த ஃபைல் சிலவேளை பழுதாகியிருக்கும். இறக்கிய தளத்திலேயே ஷா 256 என்று ஒரு நீளமான எண்வரிசை போட்டிருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையால் உங்கள் ஃபைலின் எண்வரிசையை எடுத்து ஒப்பிடலாம், ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். டெலிகிராமில் எவரோ பகிர்ந்த ‘கசிந்த பீட்டா’ பற்றி நான் பேசவே மாட்டேன்.

எதில் போடுவது என்பதற்கு என் வரிசை இப்படி. புது முகப்பைப் பார்க்க ஆசை என்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் போதும். மெசினுக்குள் ஒரு மெசின், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ஆனால் அதில் உங்கள் வைஃபை, ஸ்பீக்கர், மூடித் திறக்கும்போது எழும்புகிறதா என்பதெல்லாம் தெரியவராது. லினக்ஸ் என்றால் டிஸ்கில் போடாமலே பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பார்க்கலாம். நிசமாகவே போடவேண்டுமென்றால் இரண்டாவது எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். கழற்ற ஏலாத லப்டொப் என்றால், இன்ஸ்டோலரில் டிஸ்கின் பெயரையும் அளவையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற வரிசையை நம்பாதீர்கள்.

ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறவர்கள் 2024 ஓகஸ்ட்டை மறந்திருக்கமாட்டார்கள். அம்மாதம் 13ஆம் திகதி வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய லினக்ஸ், பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று சொல்லி எழும்ப மறுத்தது. அது பீட்டாகூட இல்லை. உபுண்டு 17.10 இன்னொரு பாடம். அதிலிருந்த இன்டெல் டிரைவர் ஒன்று சில லெனோவோ லப்டொப்களிலும் வேறு சிலவற்றிலும் பயோஸ் அமைப்பைக் குழப்பி, மாற்றியது சேமிபடாமல் பண்ணியது. 2017 டிசம்பரில் இறக்கும் இணைப்பையே எடுத்துவிட்டார்கள். டிஸ்கைப் படமெடுத்து வைத்தாலும் பயோஸில் விழுந்த அடியை அந்தப் படம் ஆற்றாது. ஆகவே பீட்டா வந்த முதல் நாளே பாயவேண்டாம். தெரிந்த பிரச்சினைகள் என்ற பகுதியில் உங்கள் மொடலின் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு கிழமை இருங்கள்.

விண்டோஸின் மேலேயே பீட்டாவை ஏற்றியவர்களுக்குத் திரும்பிப் போக 10 நாள் தருகிறது. பழைய விண்டோஸ் ஒரு ஃபோல்டராக சி டிரைவில் கிடக்கும், பத்து இருபது ஜிபியைப் பிடித்துக்கொண்டு. “இடம் பத்தவில்லை” என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி அதை அழித்தால் 10 நாளும் போச்சு. பீட்டா பில்ட்களுக்கு, அதாவது அவ்வப்போது விடுகிற ஒவ்வொரு பதிப்புக்கும், காலாவதித் திகதியும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் வின்வர் (winver) என்று தட்டினால் திகதி தெரியும். போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோய்த் திறக்கிறவர்களுக்கு அது முக்கியம்.

இன்சைடராகச் சேரும்போது கூடுதல் கண்டறிதல் தரவை அனுப்பச் சம்மதிக்கவேண்டும் என்பதையும் வாசித்துவிட்டு அழுத்துங்கள். ஏதாவது விழுந்தால் அந்த நேரத்து நினைவகத்தின் ஒரு பகுதியும் போகலாம், அதில் நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபைலின் துண்டும் இருக்கலாம். இதை மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணச் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் ஒன்றும் பீட்டா மெசின் பக்கம் போவதில்லை.

இவ்வளவு கரைச்சலும் பட்டு ஏன் பீட்டா போடுவது என்று மருமகள் கேட்டா. புதிதாக எதையாவது பார்க்கிற ஆசை ஒரு பக்கம். மற்றப் பக்கம், தமிழை நாங்கள் சோதிக்காவிட்டால் வேறு எவர் சோதிப்பார்? 2018 பெப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து ஐபோன்களையும் மக்குகளையும் தடுமாறவைத்தது. அந்த எழுத்து மெசேஜில் வந்தால் செயலி விழும். அதே மாதம் 19ஆம் திகதி ஆப்பிள் திருத்தம் விட்டது. எங்கள் பக்கத்து மொழிக்கு நடந்தது எங்களுக்கு நடக்காதென்று இல்லை.

ஆகவே பீட்டா ஏறியதும் நான் முதலில் திறப்பது ஒரு தமிழ்க் கோப்பு. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக்குறி ஒரே குறியீடாக, அல்லது முன்னால் கொம்பும் பின்னால் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றதும் அகப்படுகிறதா என்று பார்ப்பேன். ஸ்ரீ, க்ஷ உடைகிறதா, பேக்ஸ்பேஸ் அடித்தால் உயிர்க்குறி மட்டும் போகிறதா முழு எழுத்தும் போகிறதா, பிடிஎஃப்பாக மாற்றினால் அதிலிருந்து தமிழைக் கொப்பி பண்ண முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். பிழை கண்டால் “தமிழ் சரியில்லை” என்று எழுதி அனுப்பவேண்டாம், அதை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். எந்த பில்ட், எந்தச் செயலி, எந்த எழுத்துரு, எந்த விசைகளை எந்த வரிசையில் தட்டினேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று எழுதி, ஒரு ஸ்கிரீன்ஷொட்டையும் சேர்த்து அனுப்புங்கள். விண்டோஸில் முறைப்பாடு எழுதுகிற செயலியான ஃபீட்பக் ஹப்பில் அதே பிழையை வேறொரு தமிழர் ஏற்கெனவே எழுதியிருந்தால் புதிதாக ஒன்று போடாமல் அவருடையதுக்கு வாக்குப் போடுங்கள்.